நூலின் மறுமுனை

ஃபெராராவின் நவம்பர் மூடுபனி
ஜன்னல்வரை வந்து நின்றுவிடும்.
உள்ளே இருவர்:
மேசைமேல் கிடத்திய பலகையில் நீ,
பஞ்சு சுற்றிய குச்சியோடு நான்.

ஐந்நூறு ஆண்டு அழுக்குக்கு
எச்சிலை விஞ்சிய மருந்து இல்லை.
சொன்னால் சிரிப்பார்கள்.
உனக்காகக் காலையில் காப்பி குடிக்காமல் வருகிறேன்.

உன் பெயர் ஃபியோர்தலீசா.
பலகையின் முதுகில் யாரோ கரியால் எழுதியது.
மற்றதெல்லாம் பேராசிரியர் தெபால்தி சொல்லித்தான் தெரியும்.
காதில் முத்து, ஆகவே கற்பு.
விரலிடையில் கார்னேஷன், நிச்சயம் ஆனவள்.
பிளந்த மாதுளை பிள்ளைப்பேறு.
தோளருகே பொன்சிட்டு:
சிலுவையின் முள்ளைப் பிடுங்கப்போய்த்
தலை சிவந்த பறவையாம், ஆகவே சாவு.
கறுப்பு உடையின் மடிப்புக்குள் போன இடக்கைக்கு மட்டும்
நாற்பது பக்கம்.
மறைத்த கை, மறைத்த காதல்.

மோதெனா ஆவணக்காப்பகத்தில்
உன் மாமனாரின் கணக்கேடு கிடைத்தது.
எண்ணெய் வாங்கியது,
கோவேறு கழுதைக்கு லாடம் அடித்தது,
நடுவே ஒரு வரி:
ஓவியனுக்கு, முகமும் ஒரு கையும்.
இன்னொரு கைக்கு மூன்று டுகாட் கேட்கிறான்.
வேண்டாம்.

சிரித்துவிட்டேன்.
வாசிப்பறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.
அந்த நாற்பது பக்கத்தையும்
தட்டச்சு செய்தவள் அவர் மனைவி.
போன ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவளைப் புதைத்தோம்.

எல்லாம் எதையாவது குறித்துத்தான் தீரவேண்டுமா?
என் பிறந்தநாளன்று இங்கே எடுத்த படம் ஒன்று இருக்கிறது.
காலரில் பற்பசைக் கறை.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
ஒரு காதில் மட்டும் கம்மல்;
மற்றது எந்தக் கட்டிலுக்கு அடியிலோ.
எவனாவது வருவான் ஒருநாள், உருப்பெருக்கியோடு.
வெண்கறை தூய்மை என்பான்,
கட்டுப்போட்ட விரல் கொடுத்த வாக்கு என்பான்.
ஒற்றைக் கம்மலை மட்டும்
சரியாகச் சொல்லிவிடுவானோ என்று
எனக்குப் பயம்.

செவ்வாய்க்கிழமை, மதியம்.
சிட்டின் காலருகே வார்னிஷ் இளகியது.
குச்சியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.
ஓவியனுடைய கறுப்பு அல்ல,
பிறகு வந்த ஒருவர் அவசரமாகப் பூசியது.
அடியில் சிவப்பாக ஒரு கோடு,
மயிரிழை கனம்.
நூல்.
இத்தனை நூல்களில் எதிலும் இல்லாத நூல்.

உன் கைக்குத்தான் போகும் என்றிருந்தேன்.
போகவில்லை.
மூன்று நாள், அங்குலம் அங்குலமாக,
உன் மார்பைத் தாண்டி,
மாதுளையைத் தாண்டி,
இறங்கிக்கொண்டே போய்
பலகையின் இடது ஓரத்தில் நின்றுபோனது.
ஓரத்தைத் தடவினேன்.
ரம்பத்தின் பல் விரலில் தட்டியது.

நூல் தொய்ந்து கிடக்கவில்லை.
அந்தப் பக்கத்தில் யாரோ இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்,
உன் இடுப்பைவிட உயரம் இல்லாத யாரோ.

திரும்பவும் மோதெனா. திரும்பவும் அந்த ஏடு.
அடுத்த ஆண்டு வெறும் எண்ணெய், வெறும் லாடம்.
ஆகஸ்டில் ஒரு வரி:
தச்சனுக்கு, அரை நாள் கூலி.
எதற்கு என்று எழுதவில்லை.

நாளை நிர்வாகக் குழு வருகிறது.
நூலை மறுபடி மூடிவிடலாம்,
பார்க்க வருகிறவர்கள் குழம்புவார்கள் என்று
இப்போதே கடிதம் போட்டிருக்கிறார்கள்.

இன்று வேண்டுமென்றே காப்பி குடித்துவிட்டு வந்தேன்.
வேலை ஓடாது.
சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.
நீ என்னைப் பார்க்கிறாய்,
வருகிற எல்லாரையும் பார்ப்பதுபோல.
சிட்டு மட்டும்
கழுத்தைத் திருப்பி
அறுத்த பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது.